மண்குதிரைகளின் பார்வை: எழும்பூரிலிருந்து கீழடி வரை

வியாழன், எழும்பூர்

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தில் ஆனி மாதம் புரவியெடுப்பு நடக்கும் ஊர்கள் நிறைய. அய்யனாருக்கு மண்குதிரை சுமந்துபோகும் திருவிழா அது. அந்தக் குதிரைகளைச் செய்யும் வேளார்களின், அதாவது குயவர்களின், முற்றத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கிளம்பியிருக்கிறேன். நானும் களிமண்ணில் ஆளும் ஆடுமாடும் செய்து பழகுகிறவள். மண் உருவத்துக்கு முகபாவம் எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது, அதற்குக் கை என்ன செய்கிறது என்று கிட்டத்தில் பார்க்க ஆசை. முதல் நிறுத்தம் எழும்பூர் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் இன்றே போய்விட்டேன்.

கூட்டமெல்லாம் வெண்கலச் சிலைகளுக்கு. நான் தேடிப்போனது நீலகிரித் தாழி மூடிகளை. மலைமேல் கல்லை வட்டமாக அடுக்கிய பழைய ஈமச் சின்னங்களில் கிடைத்தவை. நீலகிரி ஆணையராக இருந்த ஜேம்ஸ் ப்ரீக்ஸ் அவற்றில் பலவற்றைத் தோண்டிப் பதிவு செய்தார். 1872-ல் அவர் இறந்துபோனார். அவருடைய நூல் 1873-ல் வெளிவந்தது. இதே வகை உருவங்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் இருக்கின்றன. இவற்றைச் செய்தவர்கள் யார், இன்றைய மலைமக்களோடு அவர்களுக்கு என்ன உறவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இறந்தவரின் சாம்பல் வைக்கும் கலத்துக்கு ஒரு மூடி. அந்த மூடியின் உச்சியில் ஓர் எருமை நிற்கிறது. சிலவற்றில் குதிரை, சிலவற்றில் ஆள். எருமையின் உடம்பு ஓர் உருட்டு மண், அவ்வளவுதான். கால்கள் கிள்ளி இழுத்தவை. ஆனால் கொம்புக்கு மட்டும் கை தாராளமாகப் போயிருக்கிறது. அகலமாக விரிந்து பின்னால் வளைகிறது. கழுத்தை முன்னால் நீட்டி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்குச் சின்ன மண் உருண்டையை ஒட்டி நடுவில் ஒரு குத்து. இவ்வளவிலேயே அந்த எருமை எதிரில் வருபவரை முறைக்கிறது. உடற்கூறு எதுவும் சரியில்லை, நிற்கும் தோரணை மட்டும் துல்லியம். வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதைப் பெரிதாக்கத் தெரிந்தவரின் வேலை இது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் கிடைத்த பொருட்களையும் பார்த்தேன். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே 1899-ல் தோண்டத் தொடங்கினார். நூறாண்டு கழித்து, 2004-ல் மறுபடி தோண்டியபோது ஒரு தாழித் துண்டின் மேல் ஒரு பெண், மான், மரத்தில் உட்கார்ந்த கொக்கு எல்லாம் ஒட்டுருவமாக வந்தன. மண்ணைத் திரித்து ஒட்டி உருவம் கொண்டுவரும் அதே முறை இன்றைக்கும் வேளார் வீடுகளில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போகிறேன்.

வெள்ளி, வில்லியனூர்

காலை பஸ்ஸில் புதுச்சேரி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வில்லியனூர். திருக்காமீசுவரர் கோயிலும் அதன் உயரமான தேரும்தான் ஊரின் அடையாளம் என்பார்கள். எனக்கு அடையாளம் அந்த ஊரின் சுடுமண். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. இந்த ஊர்ச் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அறிவிப்பு வந்த அன்று எனக்குச் சொந்தத்தில் ஒருவருக்குக் கிடைத்ததுபோல இருந்தது.

நான் போனது ஒரு சின்னப் பட்டறைக்கு. வேலை செய்துகொண்டிருந்த அக்கா என்னை உட்காரச் சொல்லிவிட்டுக் கையை நிறுத்தவே இல்லை. உள்ளங்கை உயரத்தில் ஒரு கிழவி, இடுப்பில் கூடை. இந்த ஊர் மண் மாவு மாதிரி சன்னம். விரல்ரேகை கூடப் பதியும். அதனால் இங்கே சின்ன உருவங்களில் நகம், சேலை மடிப்பு, காதுத் தொங்கல் வரைக்கும் வருகிறது. அக்கா முதலில் உருவத்தை முழுக்கட்டியாகவே செய்தார். கொஞ்சம் இறுகியதும் கம்பியால் பாதியாக அறுத்து, உள்ளே குடைந்து, மறுபடி சேர்த்து ஒட்டினார். தடித்த மண்ணுக்குள் ஈரம் தங்கினால் சூளையில் ஆவியாகி வெடித்துவிடும். சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்க வேண்டும்.

கிழவியின் வாயை எப்படிச் செய்தார் தெரியுமா? கோடு போடவில்லை. மேலுதடு இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் உள்ளே அமுக்கினார். பல் போன வாய் தானாக வந்துவிட்டது. "பல்லு இல்லேன்னா உதடு உள்ள போயிடுமில்ல, அதான்" என்றார். முகம் செய்யும்போது தோலை மட்டும் பார்க்காமல் அதற்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்கிறார். அந்தச் சின்ன அமுக்கலுக்காகவே இந்த ஊருக்கு வந்தது தகும்.

மதியத்துக்கு மேல் புதுச்சேரி நகரத்துக்குள் கொஞ்சம் சுற்றினேன். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் இங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரிதான் புதுச்சேரியில் பளபளப்புப் பூச்சுள்ள கற்பாண்ட (ஸ்டோன்வேர்) வேலைக்கு வழி போட்டது. கற்பாண்டத்துக்குச் சூளை 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் போக வேண்டும். நம் நாட்டுச் சூளை 700, 800 என்ற அளவில்தான் எரியும். மீக்கர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 1980களில் கட்டிய சுட்ட மண்வீடுகள். பச்சை மண்ணால் வீட்டைக் கட்டி, அதற்குள்ளேயே செங்கல்லை அடுக்கித் தீ மூட்டி வீட்டையே சுட்டுவிடுவது. பொருளைச் சூளைக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் தீயைப் பொருளிடம் கொண்டுவருவது. புதுக்கோட்டையில் பெரிய குதிரைகளுக்கும் அதே வழிதான்.

சனி, இளங்குடிப்பட்டி

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே போகும் சாலையில் நமணசமுத்திரம். அங்கே இறங்கி ஆட்டோ பிடித்தால் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயில். மரநிழலில் பாதைக்கு இரண்டு பக்கமும் குதிரைகள், ஒன்றையொன்று பார்த்தபடி நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. முன்வரிசை போன முறை வைத்தவை. பின்னால் போகப்போகப் பழையவை. வண்ணம் போய், மண் நிறம் வெளுத்து, பாசி ஏறி, காது இல்லாமல், கால் இல்லாமல், கடைசியில் ஓட்டுச் சில்லாக மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. பழையதை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. ஒரு முறை சாமிக்குக் கொடுத்தாகிவிட்டது, அதற்குமேல் மழையின் பாடு.

நடந்து நடந்து முகங்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே இலக்கணம். நிமிர்ந்த காது, திறந்த வாய், வரிசைப் பல், வெளியே பிதுங்கிய கண், நெஞ்சில் மணிமாலை. ஆனால் முகங்கள் ஒன்றல்ல. ஒன்றுக்கு உதடு பின்னால் இழுத்திருக்கிறது, கனைக்கப் போவது மாதிரி. இன்னொன்று மூக்கை விடைத்துக்கொண்டு நிற்கிறது. மூன்றாவதற்கு இமை சற்றுக் கீழே இறங்கியதில் ஒரு சாந்தம் வந்திருக்கிறது. மேலே வண்ணம் பூசிய புதுக்குதிரைகளைவிட, வண்ணம் கழிந்த பழைய குதிரைகளில்தான் செய்தவரின் விரல் நன்றாகத் தெரிகிறது. இது என் அபிப்பிராயம். கோயிலில் இருந்த பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பூச்சு இல்லாட்டி சாமிக்கு என்னம்மா அழகு?" என்று கேட்டார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

குதிரை மட்டுமில்லை. ஒரு மூலையில் பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள் வைத்த மதலைகள் (குழந்தை உருவங்கள்), மாடு பிழைத்ததற்கு வைத்த மாடு, கைகூப்பி நிற்கும் பெண் உருவம் ஒன்று. அந்தப் பெண்ணுக்குக் கையில் வளையல், கழுத்தில் தாலி எல்லாம் மண்ணைத் திரித்து ஒட்டியிருக்கிறார்கள். அவர் என்ன வேண்டிக்கொண்டாரோ, முகத்தில் ஒரு பயம் இருக்கிறது. நேர்த்திக்கடன் உருவத்தை நாம் சிற்பம் என்று சொல்வதில்லை. அது சிற்பம்தான், அதுவும் யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்தே செய்த சிற்பம்.

மாலை அறந்தாங்கி போகும் வழியில் கீரமங்கலம் பக்கம் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலையும் எட்டிப் பார்த்தேன். 33 அடி உயர வெள்ளைக் குதிரை. மாசி மகத்துக்கு இதற்குக் காகித மாலை போட ஊர் ஊராக வருவார்கள். இது சுட்ட மண் அல்ல, கட்டி எழுப்பிய சுதை வேலை. பிரமாண்டம்தான். எனக்கு மனசு என்னவோ இளங்குடிப்பட்டியிலேயே இருந்தது.

ஞாயிறு, அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம்

தெரிந்தவர் மூலம் சொல்லி வைத்திருந்ததால் வேளார் வீட்டில் என்னை எதிர்பார்த்திருந்தார்கள். பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "வா தாயி, நீராகாரம் குடிக்கிறியா?" என்று அவர் வீட்டம்மா செம்போடு வந்துவிட்டார். அந்த உப்பும் சின்ன வெங்காயமும் போட்ட நீராகாரத்தை இந்தப் பயணம் முடியும் வரை மறக்க மாட்டேன்.

முற்றத்தில் குதிரைகள் எல்லா நிலையிலும் நின்றன. ஒரு ஓரம் கால்கள் மட்டும், நான்கு நான்காக. அடுத்து வயிறு வரை ஏறியவை. அதற்கடுத்துக் கழுத்து. திண்ணையில் ஈரத்துணி போர்த்திய தலைகள். ஒரு பெரிய குதிரை முடிய வாரக்கணக்கில் ஆகும். நமக்கு ஒரே பகலில் எல்லாக் கட்டமும் பார்க்கக் கிடைத்தது.

வேலை மண்ணில் தொடங்குகிறது. கண்மாய்க் களிமண்ணை மட்டும் எடுத்தால் காயும்போது பிளந்துவிடும். அதில் ஆற்றுமணல், உமி, நறுக்கிய வைக்கோல் சேர்த்து மிதிக்கிறார்கள். மணல் சுருக்கத்தைக் குறைக்கும். உமியும் வைக்கோலும் பச்சை மண்ணைப் பிடித்து வைத்திருக்கும், சூளையில் எரிந்துபோய் நுண்ணிய துளைகளை விட்டுப்போகும். ஆவி வெளியேற அதுவே வழி. மிதிக்கும்போது காலுக்கே தெரியும் என்றார் பெரியவர். குதிகாலில் வழுக்கினால் மணல் போதாது, நறநறத்தால் கூடிவிட்டது.

கால்களை முதலில் தூண் மாதிரி எழுப்பி நிழலில் காய விடுகிறார்கள். கையை வைத்தால் ஒட்டாமல், நகத்தால் கீறினால் கோடு விழும் பதத்தில் மேலே உடம்பை ஏற்ற வேண்டும். மண்ணைத் தடித்த திரியாக உருட்டி, சுற்றுச் சுற்றாக வைத்து, உள்ளே ஓர் உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே பலகையால் தட்டுகிறார். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து இறுகுகிறது. கீழே இருக்கும் சுற்று மேலே வருவதைத் தாங்கும் அளவு இறுகிய பிறகுதான் அடுத்த சுற்று. அவசரப்பட்டால் வயிறு தொய்ந்துவிடும். வயிற்றுப் பக்கம் ஒரு துளை விட்டுவிடுகிறார்கள், தீ உள்ளே போக.

"இவ்வளவு பெரிய உடம்புக்கு அளவு எப்படி எடுப்பீங்க ஐயா?" என்று கேட்டேன். முழங்கையையும் விரல் சாணையும் காட்டினார். கால் இத்தனை சாண் என்றால் கழுத்து இத்தனை, தலை இத்தனை. ஆனால் தலை கணக்குக்குக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்குத் தலை சிறுத்துத் தெரியக் கூடாது, அதற்காக. கண்ணும் அதே காரணத்துக்காகத்தான் பிதுங்கியிருக்கிறது. நேற்று நான் பார்த்த எல்லா முகங்களும் இந்த ஒரு கணக்கில் புரிந்தன.

இந்த வேலை ஒரு பிடி மண்ணோடு ஆரம்பிக்கும். ஊர்ப் பெரியவர்கள் கூடித் திருவிழா முடிவானதும் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அந்த மண்ணைச் சேர்த்துத்தான் குதிரை செய்ய வேண்டும். அப்போதிலிருந்து அவருக்கு விரதம். பல அய்யனார் கோயில்களில் பூசாரியும் வேளார்தான். நற்றிணையிலேயே ஊருக்குத் திருவிழா அறிவிக்கும் 'முதுவாய்க் குயவன்' வருகிறான். நொச்சிப் பூ சூடித் தெருவில் போகிறவன். மண்ணைப் பிசைகிறவரே சாமிக்கும் ஊருக்கும் நடுவில் நிற்பது இங்கே ரொம்பப் பழைய ஏற்பாடு.

மண் கிடைப்பதுதான் பெரிய பாடு என்றார்கள். கண்மாயில் மண் எடுக்க ஒரு காலத்தில் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்தது. 2024-லிருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கலாம் என்று வந்த பிறகு பரவாயில்லையாம். விறகு விலை, ஆள் கூலி எல்லாம் அப்புறம் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

திங்கள், அதே முற்றம்

இன்று தலைக்கு முகம் வைக்கும் நாள். அதிகாலையிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

தலை உள்ளே கூடாக, முகம் இல்லாமல், நீள்கூம்பாக இருந்தது. பெரியவர் முதலில் வாயைக் கிழித்தார். மூங்கில் பத்தையால் ஒரே இழுப்பு. கீழ்த்தாடையை உள்ளிருந்து விரலால் கீழே தள்ளினார். பிறகு பல், ஒவ்வொன்றாக உருட்டி ஒட்டினார். மூக்குத்துளைக்கு விரலை உள்ளே விட்டுச் சுழற்றி வெளியே இழுக்கும்போது துளையின் ஓரம் தானாக மேலே மடங்கியது. மூச்சு விடும் மூக்கு! அந்த ஓரத்தை அவர் வழவழப்பாக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டார்.

கண்ணுக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றை இடது கண் இருக்கும் இடத்தில் வைத்து அமுக்கினார். மெல்லிய திரி ஒன்றை மேலே வளைத்து வைத்தார், அது மேல் இமை. கீழே இன்னொன்று. இரண்டு ஓரங்களையும் கிள்ளிச் சேர்த்தார். இதே மாதிரி வலது. இரண்டு பக்கமும் அளந்து பார்ப்பார் என்று நினைத்தேன். எழுந்து பத்தடி பின்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். வந்து வலது மேல் இமையை ஒரு நூல் மேலே தூக்கினார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் குதிரை இப்போது விழித்துக்கொண்டது. அதுவரை மண்.

"எப்படி ஐயா தெரியும், எங்க நிறுத்தணும்னு?" என்றேன்.

"அது நம்மளப் பாக்கணும் தாயி. பாத்துருச்சுன்னா கையை எடுத்துரணும்."

முகபாவத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. உணர்ச்சி வருவது இமை விளிம்பின் ஒரு நூல் இடைவெளியில். அதைத் தொலைவில் நின்றுதான் கண்டுபிடிக்க முடியும். மூக்கின் ஓரத்தை விரல் விட்ட இடத்திலேயே விடுவதும் அதே காரியம்தான். இழைத்து இழைத்து மெருகேற்றினால் போய்விடும்.

அவர் பேரன் ஐடிஐ படிக்கிறான். லீவு நாளில் நெஞ்சு மணி, கடிவாளம், சேணத்துப் பூ எல்லாம் ஒட்டுகிறான். நல்ல கை. தலை செய்ய இன்னும் விடவில்லையாம். "விட்டா செஞ்சுருவேன்" என்றான். பெரியவர் காதில் விழாத மாதிரி இருந்தார், ஆனால் சாயங்காலம் ஒரு சின்ன நாய் உருவத்தின் தலையை அவன் பக்கம் நகர்த்தி வைத்ததைப் பார்த்தேன். அவன் கண் வைக்கும்போது பெரியவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்கட்டில் நேற்று இரவே சூளை தொடங்கியிருந்தார்கள். காய்ந்த குதிரைகளை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் விறகும் வரட்டியும் அடுக்கி, மேலே வைக்கோல் மூடி, அதன்மேல் சேறு பூசி அங்கங்கே புகை போக வழி. ராத்திரி முழுக்க வெறும் மூட்டம்தான், மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தைத் துரத்த. களிமண்ணோடு பிணைந்திருக்கும் நீர் 500 டிகிரியை ஒட்டித்தான் பிரியும். அதன்பிறகு அது திரும்பக் களிமண்ணாக முடியாது. காலையில் முழுத்தீ. துளை வழியே பார்த்தால் குதிரையின் விலா இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. அந்த நிறத்தைப் பார்த்தே நேரம் சொல்கிறார்கள். மதியம் வழிகளை அடைத்துவிட்டு ஆறவிட்டார்கள்.

செவ்வாய், சிங்கம்புணரிப் பக்கம்

விடியலில் சூளை பிரித்தார்கள். சாம்பலுக்குள்ளிருந்து செங்கல் நிறத்தில் குதிரைகள், அங்கங்கே புகை பட்ட கருப்பு. பெரியவர் விரல் கணுவால் ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டார். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தது, கழுத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். அடைத்து வண்ணம் பூசினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அதை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்றைக் கணக்கில் சேர்த்தார்.

விடைபெறும்போது சிமெண்டு குதிரை பற்றிக் கேட்டேன். வழியில் நிறையக் கோயில்களில் பார்த்திருந்தேன். "அது நிக்கும் தாயி, நூறு வருசம் நிக்கும்" என்றார். "அப்ப அடுத்த வருசம் எங்களுக்கு யாரு பிடிமண் குடுப்பா?" எனக்குத் தொண்டை அடைத்தது. மண்குதிரை மழையில் சிதைவதைக் குறை என்று நினைக்கிறவர்கள்தான் சிமெண்டுக்குப் போகிறார்கள். அது சிதைவதால்தான் ஊருக்கு ஒரு வேளாரும், அவர் வீட்டில் கண் வைக்கப் பழகும் ஒரு பேரனும் வேண்டியிருக்கிறது. நன்கொடை கொடுத்துக் கோயிலுக்கு நிரந்தரக் குதிரை செய்ய நினைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்தப் பணத்தை மண்ணுக்குக் கொடுங்கள்.

அவருடைய சம்பந்தி செய்த குதிரைகளுக்கு இன்று எடுப்பு என்று சொல்லித்தான் என்னை இந்தப் பக்கம் அனுப்பினார். பொட்டலில் குதிரைகள் வெள்ளை பூசி, சிவப்பும் மஞ்சளும் நீலமும் தீட்டி வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் மாலையும் புதுத் துண்டும். கண்ணில் கருமணி மட்டும் வைக்கவில்லை. வேளார் குளித்துவிட்டு வந்து, சாமி கும்பிட்டு, ஒவ்வொன்றாகக் கண் திறந்தார். பெண்கள் குலவையிட்டார்கள். தப்பு அடி உச்சத்துக்குப் போனது. அந்த நிமிஷத்திலிருந்து அதைக் குதிரை என்று யாரும் சொல்லவில்லை, புரவிதான்.

மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கினார்கள். அரண்மனை பேரில் எடுக்கும் அரண்மனைப் புரவி முதலில், பின்னால் நேர்த்திக்கடன் புரவிகள். தூக்குகிறவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போகும்போது தலைகள் மேலும் கீழுமாக ஆடின, தூசிக்குள் நிஜமாகவே ஒரு குதிரைப்படை. நேற்றைக்குப் பத்தடி பின்னால் நின்று பெரியவர் பார்த்ததற்கு இங்கே இன்னொரு காரணம் கிடைத்தது. இந்த முகத்தை ஜனங்கள் பார்ப்பது கீழிருந்து, ஓட்டத்தில், தூசியில். சன்னமான வேலை இதில் காணாமல் போயிருக்கும். பிதுங்கிய கண்ணும் திறந்த வாயும் ஊர்க்கோடி வரை தெரிந்தன.

பக்கத்தில் ஓர் இளம் அம்மா கைக்குழந்தையோடு மண் மதலை ஒன்றையும் தூக்கிக்கொண்டு நடந்தார். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பொட்டு வைத்திருந்தார். கோயில் வாசலில் மதலையை இறக்கி வைக்கும்போது பிள்ளையை அதன் முகத்துக்கு நேரே காட்டினார்.

புதன், விளாச்சேரி, கீழடி

மதுரை, திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரி. கொலு பொம்மைக்கு ஊரே வேலை செய்கிறது. நவராத்திரிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, திண்ணைகள் இப்போதே நிறைந்துவிட்டன. தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் கடை, கூடவே கிறிஸ்துமஸ் குடில் செட்டும். இங்கே அச்சுதான். பிளாஸ்டர் அச்சில் மண்ணை அமுக்கி இரண்டு பாதிகளைச் சேர்ப்பார்கள். அதனால் முகம் எல்லாம் ஒன்று என்று நினைக்கக் கூடாது. கண் எழுதும் அக்கா ஒருவர் ஒரே அச்சில் வந்த மூன்று வாத்தியக்காரர்களுக்கு மூன்று விதமாகக் கருமணி வைத்தார். நாகசுரக்காரருக்கு மேலே பார்க்கும் கண், தவில்காரருக்குப் பக்கவாட்டில், தாளம் போடுபவருக்கு நேரே. "ஒருத்தரை ஒருத்தர் பாத்தாதானே கச்சேரி" என்றார். அச்சு வேலையைப் பற்றி எனக்கு ஒரு இளக்காரம் இருந்ததுண்டு, இனிமேல் இருக்காது.

மதியம் கீழடி. மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. சுடுமண்ணில் மனிதத் தலைகளும் விலங்கு உருவங்களும் அங்கே இருக்கின்றன. விரல் நீளம்தான். மூக்கைக் கிள்ளி எடுத்த தடம் அப்படியே தெரிகிறது. பெரியவர் இருந்தால் பத்தடி பின்னால் போய் நின்று பார்த்திருப்பார். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். புரவியெடுப்பு தேதி ஊருக்கு ஊர் மாறும், சில ஊர்களில் ஆண்டுதோறும் நடப்பதும் இல்லை. வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் உள்ளூர் செய்தித்தாளைப் பாருங்கள், அல்லது பக்கத்து வேளார் வீட்டில் கேளுங்கள், அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அய்யனார் கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். கீழே உடைந்து கிடந்தாலும் குதிரைத் துண்டு எதையும் எடுத்து வராதீர்கள். கண் திறக்காத குதிரையைப் படம் எடுப்பதற்கு முன் வேளாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒன்று வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சூளை வைக்க முடியாது.

எனக்கு ஒரு நாய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தலையைப் பேரன்தான் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். பெரியவர் சரி என்றிருக்கிறார்.